குறைமாதப் பிரசவ ஆய்வுக்குக் கையெழுத்துக் கேட்கிறார்கள், சேரலாமா?

நீங்கள் எழுதியதைச் சுருக்கினால் இதுதான்: மனைவிக்கு இப்போது 19 வாரம். முதல் பிள்ளை 31 வாரத்தில் தானாக வலி வந்து பிறந்து, குறைமாதப் பிள்ளைகளைப் பார்க்கும் பி.பி.யூ. பிரிவில் ஒரு மாதத்துக்கு மேல் இருந்தது. போன கிளினிக்கில், குறைமாதப் பிரசவம் பற்றிய ஆய்வுக்கு விருப்பமானவர்களைச் சேர்க்கிறோம் என்று ஆறு பக்கத் தாள் ஒன்றைத் தந்து, அடுத்த முறை வரும்போது முடிவைச் சொல்லுங்கள் என்றிருக்கிறார்கள். “சேர்ந்தால் நல்லதா?” என்பதுதான் உங்கள் கேள்வி. ஆனால் வயிற்றுப் பிள்ளையை வைத்துச் சோதனை செய்ய விடாதே என்று உங்கள் அம்மா சொன்னதையும், வேண்டாமென்றால் டொக்டர் மனம் கோணுவாரோ என்ற பயத்தையும் சேர்த்து எழுதியிருக்கிறீர்கள். ஆகவே கேள்வி மூன்று என்று எடுத்துக்கொள்கிறேன். மறுத்தால் கவனிப்புக் குறையுமா, சேர்ந்தால் இம்முறை மாதம் நிரம்பிப் பிறக்க உதவுமா, பிள்ளைக்கு ஆபத்து வருமா. நீங்கள் போட்ட படத்தில் தாளின் முதல் பக்கம் மட்டும் இருக்கிறது. அதை வைத்து இது மருந்து கொடுக்கும் ஆய்வா, வெறும் தகவல் சேர்க்கும் ஆய்வா என்று சொல்ல வழியில்லை. மிச்சப் பக்கங்களில் அதை எங்கே தேடுவது என்று கீழே சொல்கிறேன்.

மறுப்பதைப் பற்றி உறுதியாகவே சொல்லலாம். மறுத்தால் கவனிப்பு ஒரு இம்மியும் குறையக் கூடாது. அது டொக்டரின் பெருந்தன்மையால் கிடைப்பதல்ல. மனிதரை வைத்துச் செய்யும் மருத்துவ ஆய்வுகளுக்கு உலக மருத்துவச் சங்கம் வகுத்த நெறிமுறையான ஹெல்சிங்கிப் பிரகடனம், 1964இல் வந்து கடைசியாக 2024இல் திருத்தப்பட்டது, அதைத் தெளிவாகச் சொல்கிறது. இலங்கையில் ஆய்வுகளுக்கு அனுமதி கொடுக்கும் நெறிமுறை மீளாய்வுக் குழுக்களும் அந்த வரி தாளில் இருக்கிறதா என்று பார்த்துத்தான் விடுவார்கள். காரணம் சொல்லத் தேவையில்லை. “நான் சேரவில்லை, வழமைபோல கிளினிக்குக்கு வருவேன்” என்றால் போதும். சேர்ந்த பிறகு பாதியில் விலகுவதும் அப்படியே. விலகும்போது கேட்க வேண்டியது ஒன்றுதான்: அதுவரை எடுத்த இரத்தத்தையும் தகவலையும் வைத்துக்கொள்வார்களா, அழிப்பார்களா? பெரும்பாலான ஆய்வுகள் அதுவரை சேர்ந்த தகவலை வைத்துக்கொள்ளும். மாதிரிகளை அழிக்கச் சொல்லும் உரிமை இருக்கிறதா என்பது தாளுக்குத் தாள் மாறும்.

அடுத்த இரண்டுக்கும் போகுமுன் ஆய்வை ஒரு பக்கம் வையுங்கள். உங்கள் மனைவிக்கு ஆய்வு இல்லாமலேயே செய்யப்பட வேண்டிய ஒன்று இருக்கிறது, அதற்கு நாள் குறைவு. முன்பு தானாக வலி வந்து குறைமாதத்தில் பெற்றவருக்கு அது திரும்ப நடக்கும் வாய்ப்பு மற்றவர்களைவிட ஒன்றரை முதல் இரண்டு மடங்கு. இப்படிப்பட்டவர்களுக்கு 16 முதல் 24 வாரத்துக்குள் பெண்ணுறுப்பு வழியாக ஸ்கேன் செய்து கருப்பைக் கழுத்தின் நீளத்தை அளப்பது நல்ல வழக்கம். 25 மில்லிமீற்றருக்குக் குறைந்தால் கழுத்து நேரத்துக்கு முன் திறக்கத் தொடங்குகிறது என்று சந்தேகிப்பார்கள். அப்போது இரவில் உள்ளே வைக்கும் 200 மில்லிகிராம் புரோஜெஸ்டரோன் என்ற ஹோர்மோன் மருந்து, அல்லது கருப்பைக் கழுத்தில் ஒரு தையல், இரண்டில் எது பொருந்தும் என்று வி.ஓ.ஜி. (மகப்பேற்று நிபுணர்) முடிவெடுப்பார். இவை ஆய்வல்ல, ஏற்கெனவே நடைமுறையில் உள்ள வைத்தியம். வயிற்றின் மேலால் பார்க்கும் ஸ்கேனில் “கழுத்து சரி” என்று எழுதியிருந்தால் அதை நம்பி இருந்துவிட வேண்டாம். சிறுநீர்ப்பை நிறைந்திருந்தால் கழுத்து உள்ளதைவிட நீளமாகத் தெரியும். உள்வழி ஸ்கேனுக்குப் போகுமுன் சிறுநீர் கழித்துவிட்டுப் போக வேண்டும். மெல்லிய கருவிக்கு உறை போட்டு ஜெல் பூசி வைப்பார்கள். அழுத்திப் பிடித்தாலும் அளவு கூடும் என்பதால் லேசாக வைத்து, சில நிமிடங்களுக்குள் மூன்று முறை அளந்து, ஆகச் சிறியதை எழுதுவார்கள். அந்த ஸ்கேனால் வலி வந்துவிடும் என்ற பயம் பலருக்கு உண்டு, அதில் உண்மையில்லை. 19 வாரம் என்கிறீர்கள். ஆய்வில் சேர்வதா என்று வீட்டில் கதைத்து முடிக்கும்வரை இந்த அளவைத் தள்ளிப்போட வேண்டாம்.

இதை முதலில் சொன்னதற்குக் காரணம் இருக்கிறது. ஆய்வுத் தாளை வாசிக்கும்போது ஒரு கொப்பியில் நடுவில் கோடு போடுங்கள். இடப்பக்கம், சேராவிட்டால் மனைவிக்கு என்னென்ன கிடைக்கும் என்று எழுதுங்கள். வலப்பக்கம், சேர்ந்தால் என்னென்ன நடக்கும் என்று எழுதுங்கள். இரண்டுக்கும் உள்ள வித்தியாசம்தான் ஆய்வு. முடிவெடுக்க வேண்டியது அந்த வித்தியாசத்தைப் பற்றி மட்டும். இடப்பக்கம் நிரம்பாமல் வலப்பக்கத்தைப் பார்த்தால் எல்லாமே பெரிய உதவியாகத் தெரியும். உதாரணமாக, “ஆய்வில் சேர்ந்தால் கருப்பைக் கழுத்து ஸ்கேன் செய்வோம்” என்று தாளில் இருந்தால், உங்கள் மனைவிக்கு அது வலப்பக்கத்து இலாபம் இல்லை. இடப்பக்கத்திலும் அது இருக்க வேண்டும்.

வித்தியாசம் எவ்வளவு என்பது ஆய்வின் வகையைப் பொறுத்தது. ஒரு வகையில் ஒன்றையும் மாற்றமாட்டார்கள். கேள்வி கேட்பார்கள், கிளினிக் கார்டிலிருந்து தகவல் எடுப்பார்கள், இரத்தம் எடுப்பார்கள், பிரசவத்துக்குப் பிறகு நச்சுக்கொடியிலிருந்து ஒரு துண்டு எடுப்பார்கள். இரத்தம் ஒரு குழாய்க்கு ஏறக்குறைய ஒரு தேக்கரண்டி. எப்படியும் எடுக்கப்போகும் இரத்தத்தோடு சேர்த்து எடுத்தால் கூடுதல் ஊசிக் குத்தல்கூட இல்லை, அதைக் கேட்டுப் பாருங்கள். பஞ்சுக் குச்சியால் கருப்பைக் கழுத்துப் பக்கத்தில் துடைத்து எடுப்பதும் இந்த வகையில் அடிக்கடி வரும். பைப்ரோநெக்டின் என்ற புரதத்தைத் தேடுகிறார்கள் என்றால், முந்தைய 24 மணித்தியாலத்தில் தாம்பத்திய உறவு இருந்திருந்தாலோ, இரத்தக் கசிவு இருந்தாலோ, குச்சி எடுக்குமுன் டொக்டர் கையால் பரிசோதித்திருந்தாலோ முடிவு பிழையாக “இருக்கிறது” என்று வரக்கூடும். வெட்கப்பட்டு இதைச் சொல்லாமல் விடுகிறவர்கள் அதிகம், பிறகு தேவையில்லாத பயம்தான் மிச்சம். அந்தச் சோதனையின் பலமே “இல்லை” என்று வரும்போதுதான். இல்லையென்றால் அடுத்த ஒன்றிரண்டு வாரத்தில் பிரசவமாகும் வாய்ப்பு மிகக் குறைவு. இருக்கிறது என்று வந்தவர்களில் பலர் மாதம் நிரம்பித்தான் பெறுகிறார்கள்.

மற்ற வகை, ஏதாவது ஒன்றைக் கொடுத்துப் பார்க்கும் ஆய்வு. மருந்து, தையல், கருப்பைக் கழுத்தைச் சுற்றிப் போடும் சிலிக்கோன் வளையம், பிரசவ நேரத்து ஊசி, இப்படி எதுவும் இருக்கலாம். இதைத் தாளில் கண்டுபிடிக்க ஒரு சொல்லைத் தேடுங்கள்: “எழுமாறாக”. ஓ.எல். கணக்கில் படித்த அதே எழுமாற்றுத்தான். நாணயத்தைச் சுண்டிவிடுவது போல, யாருக்கு எது என்பதைக் கணினி தீர்மானிக்கும். டொக்டரும் தெரிவு செய்யமாட்டார், நீங்களும் தெரிவு செய்ய ஏலாது. இந்தச் சொல்லை “குழுக்களாகப் பிரிக்கப்படுவீர்கள்” என்று தமிழில் நீர்த்து எழுதிய தாள்களும் உண்டு. அப்படி இருந்தால் “யார் பிரிப்பது, எப்படி?” என்று வாய்விட்டுக் கேளுங்கள். அடுத்துத் தேட வேண்டிய சொல் பிளசீபோ, அதாவது பார்வைக்கு ஒரேமாதிரி இருக்கும் மருந்தில்லாத குளிசை. பிளசீபோ என்றதும் ஏமாற்று என்று கோபப்பட வேண்டாம். ஏற்கெனவே பலன் உறுதியான வைத்தியத்தை நிறுத்திவிட்டு அதற்குப் பதில் வெறும் குளிசை கொடுப்பதென்றால்தான் அது பிழை. வழமையான வைத்தியம் இரு பக்கத்துக்கும் ஒன்றாகக் கொடுத்து, அதன் மேல் புதியதையோ வெறும் குளிசையையோ சேர்ப்பதென்றால் முறையானது. ஆகவே கேள்வி இதுதான்: என் மனைவியின் கழுத்து 25 மில்லிமீற்றருக்குக் குறைந்திருந்தால், வெறும் குளிசைப் பக்கம் விழுந்தாலும் புரோஜெஸ்டரோன் கிடைக்குமா? இதற்கு நேரான பதில் வராவிட்டால் கையெழுத்து வைக்க வேண்டாம்.

இனி, “உதவுமா?” மருந்து ஆய்வொன்றில் சேர்வதால் இம்முறை மாதம் நிரம்பிப் பிறக்கும் என்று யாராவது சொன்னால் அவர் ஆய்வை விளங்கிக்கொள்ளவில்லை. உதவுமா என்பது தெரியாததால்தான் ஆய்வே நடக்கிறது. உங்கள் மனைவியைப் போன்றவர்களுக்காகவே வந்த ஒரு ஊசியின் கதை இதற்குப் பொருத்தம். 17-ஹைட்ரொக்சி புரோஜெஸ்டரோன் கப்ரோயேற் என்று நீளமான பெயர், அமெரிக்காவில் மகேனா என்று விற்றார்கள். முன்பு குறைமாதத்தில் பெற்ற 463 பேரை வைத்து 2003இல் வெளிவந்த ஆய்வில், ஊசி போட்டவர்களில் 36 சதவீதம் பேரும், வெறும் ஊசி போட்டவர்களில் 55 சதவீதம் பேரும் 37 வாரத்துக்கு முன் பெற்றார்கள். பார்த்தால் பெரிய வெற்றி. 2011இல் அமெரிக்க உணவு மருந்து நிருவாகம் துரித அனுமதி கொடுத்தது, மேலும் ஒரு ஆய்வு செய்து காட்ட வேண்டும் என்ற நிபந்தனையோடு. அந்த இரண்டாவது ஆய்வில் 1,700 பேர் அளவில் சேர்ந்தார்கள். 35 வாரத்துக்கு முன் பெற்றவர்கள் ஊசிப் பக்கம் 11 சதவீதம், வெறும் ஊசிப் பக்கம் 11.5 சதவீதம். வித்தியாசமே இல்லை. 2023 ஏப்ரலில் அனுமதி திரும்பப் பெறப்பட்டது. இடையில் பன்னிரண்டு வருடம் வாராவாரம் ஊசி குத்திக்கொண்ட பெண்கள் எத்தனையோ பேர். முதல் ஆய்வில் வெறும் ஊசிப் பக்கத்திலேயே பாதிக்கு மேல் குறைமாதம் என்றால், அங்கே சேர்ந்தவர்கள் வழக்கத்தைவிட ஆபத்துக் கூடியவர்கள் என்று சந்தேகப்பட்டிருக்க வேண்டும். சிலர் அன்றே கேட்டார்கள்தான். இந்த ஊசியும், நான் மேலே சொன்ன உள்ளே வைக்கும் புரோஜெஸ்டரோனும் ஒன்றல்ல. கழுத்து குறுகியவர்களுக்கு அந்த இரண்டாவதற்கு ஆதாரம் நன்றாகவே இருக்கிறது.

அப்படியென்றால் சேர்ந்து என்ன பயன் என்று கேட்பீர்கள். சில ஆய்வுகளில் கூடுதலான ஸ்கேனும், போன் எடுத்தால் பதில் சொல்ல ஒரு ஆய்வுத் தாதியும் கிடைப்பார்கள். அது உண்மையான வசதிதான், மறுப்பதற்கில்லை. ஆனால் அது ஆய்வின் பலன் அல்ல, ஆய்வோடு ஒட்டி வருவது. பெரிய பலன் அடுத்து வரும் தாய்மாருக்கு. அதற்காகச் சேர்வது நல்ல காரணம். அதை அறிந்து சேர வேண்டும், அவ்வளவுதான்.

ஆபத்தைப் பற்றி உங்கள் அம்மா சொன்னதை மூடப்பயம் என்று ஒதுக்கமாட்டேன். கர்ப்பத்தில் கொடுக்கும் மருந்துக்கு இரண்டு பேரில் விளைவு உண்டு, இரண்டாவது ஆளின் விளைவு வருடக்கணக்கில் பிந்தி வரலாம். இங்கிலாந்தை மையமாக வைத்து நடந்து 2001இல் வெளியான ஒராக்கிள் ஆய்வில், பன்னீர்க்குடம் உடையாமல் குறைமாத வலி வந்த தாய்மாருக்கு நுண்ணுயிர்க்கொல்லி கொடுத்துப் பார்த்தார்கள். அப்போது பலனும் இல்லை, கெடுதலும் தெரியவில்லை. ஏழு வயதில் பிள்ளைகளைத் திரும்பப் பார்த்தபோது, மருந்து கொடுத்த பக்கத்தில் மூளை வாதம் சற்று அதிகம் இருந்தது, 2008இல் அது வெளிவந்தது. அதன்பின் பன்னீர்க்குடம் உடையாத, தொற்று அறிகுறியும் இல்லாத குறைமாத வலிக்கு வெறுமனே நுண்ணுயிர்க்கொல்லி கொடுப்பது கைவிடப்பட்டது. பன்னீர்க்குடம் உடைந்தவர்களுக்குக் கொடுப்பது வேறு விஷயம், அது இன்றும் சரியான வைத்தியம்தான், அதை மறுத்துவிடாதீர்கள். ஆகவே மருந்து ஆய்வென்றால், பிறந்த பிள்ளையை எத்தனை வயதுவரை பார்ப்பீர்கள் என்று கேளுங்கள். 28 நாளோடு நிறுத்தும் ஆய்வைவிட இரண்டு வயதுவரையாவது பார்க்கும் ஆய்வில் எனக்கு நம்பிக்கை கூட.

ஆனால் அம்மாவிடம் இதன் மறுபக்கத்தையும் சொல்லுங்கள். ஆய்வு இல்லாமல் கொடுத்த மருந்தால் வந்த கேடு அதைவிடப் பெரியது. டை எதில் ஸ்ரில்பெஸ்ட்ரோல் என்ற செயற்கை ஹோர்மோனை 1940களிலிருந்து கருச்சிதைவையும் குறைமாதப் பிரசவத்தையும் தடுக்கும் என்று நம்பி எழுதிக்கொடுத்தார்கள். 1953இல் சிக்காகோவில் முறையாக ஆய்வு செய்து, பலனில்லை என்று காட்டினார்கள். அப்படியும் எழுதிக்கொடுப்பது நிற்கவில்லை. 1971இல், அந்த மருந்தை உட்கொண்ட தாய்மாரின் பெண்பிள்ளைகளுக்கு இளவயதில் அரிதான பெண்ணுறுப்புப் புற்றுநோய் வருவது கண்டுபிடிக்கப்பட்டது. கேடு செய்தது ஆய்வு அல்ல, ஆய்வு சொன்னதைக் கேளாமல் விட்டது.

இதெல்லாம் வெளிநாட்டில் செய்து முடித்தால் போதாதா, இங்கே எதற்கு என்றும் கேட்டிருந்தீர்கள். போதாது. குறைமாதப் பிள்ளையின் நுரையீரல் முதிர்வதற்குத் தாய்க்குப் போடும் ஸ்டீரொய்ட் ஊசியை எடுங்கள். 1972இல் நியூசிலாந்தின் ஓக்லாந்தில் 282 தாய்மாரை வைத்துச் செய்த ஆய்வில் தொடங்கி, வசதியான நாடுகளில் அதன் பலன் சந்தேகமில்லாமல் நிறுவப்பட்டது. அதையே இந்தியா, பாக்கிஸ்தான், கென்யா உட்பட ஆறு நாடுகளில், கிராமப்புறங்களையும் சேர்த்து, பரவலாகக் கொடுக்க முயன்று ஏறக்குறைய ஒரு இலட்சம் பிறப்புகளைப் பார்த்த ஆய்வு 2015இல் வந்தது. சிறிய பிள்ளைகள் பிழைப்பது கூடவில்லை, மொத்தத்தில் சிசு மரணம் ஆயிரத்துக்கு மூன்று நான்கு கூடியிருந்தது. வாரக் கணக்குச் சரியாகத் தெரியாததால், தேவையில்லாதவர்களுக்கும் ஊசி போயிருந்தது. பிறகு உலக சுகாதார நிறுவனம் ஐந்து நாடுகளில், ஸ்கேனால் வாரத்தை உறுதிசெய்து, குறைமாதப் பிள்ளையைப் பார்க்க வசதியுள்ள வைத்தியசாலைகளில் மட்டும் 2,852 பேரை வைத்துத் திரும்பச் செய்தது. 26 முதல் 33 வாரம்வரையான தாய்மார். சிசு மரணம் 23.5 சதவீதத்திலிருந்து 19.6 ஆகக் குறைந்தது, 2020இல் வெளியானது. ஒரே மருந்துதான். கொடுக்கும் இடமும் ஆளும் மாறியபோது விளைவு மாறியது. நம் வார்ட்டுகளுக்குப் பொருந்துமா என்பதை நம் வார்ட்டில்தான் பார்க்க வேண்டியிருக்கிறது.

அதே கதையிலிருந்து உங்களுக்கு ஒரு வேலை: முதல் மூன்று மாதத்தில் எடுத்த ஸ்கேன் ரிப்போர்ட்டைத் தேடி எடுத்து வையுங்கள். 14 வாரத்துக்கு முன் பிள்ளையின் நீளத்தை வைத்துக் கணக்கிட்ட திகதி ஒரு வாரத்துக்குமேல் பிசகாது. 20 வாரத்துக்குப் பின் எடுத்த ஸ்கேனில் அந்தத் துல்லியம் இல்லை. ஆய்வுகள் “18 முதல் 24 வாரம்” என்று கோடு போட்டுத்தான் ஆட்களை எடுக்கும். கடைசி மாதவிடாய்த் திகதி பிழையாக இருந்து, பாதியில் வெளியே விடப்படுவது அடிக்கடி நடக்கும். பொருந்தவில்லை என்று திருப்பி அனுப்பினால், ஏதோ கோளாறு என்று நினைக்க வேண்டாம்.

தாளின் மிச்சப் பக்கங்களில் பார்க்க வேண்டியவை. நெறிமுறைக் குழுவின் பெயரும் அனுமதி இலக்கமும் இருக்க வேண்டும். கொழும்புப் பல்கலைக்கழக மருத்துவ பீடத்துக்கு கின்சி வீதியில் அப்படியொரு குழு இருக்கிறது, இலங்கை மருத்துவச் சங்கத்துக்கும் உண்டு, சில பெரிய வைத்தியசாலைகளுக்கும் உண்டு. மருந்து ஆய்வென்றால் 2015இன் 5ஆம் இலக்கச் சட்டத்தால் அமைந்த தேசிய ஔடதங்கள் ஒழுங்குபடுத்தல் அதிகாரசபையின் அனுமதியும் வேண்டும். இலங்கை மருத்துவச் சங்கம் 2006இலிருந்து நடத்தும் மருத்துவ ஆய்வுப் பதிவகத்தில் ஆய்வின் இலக்கத்தைப் போட்டு எவரும் இலவசமாகத் தேடலாம். எஸ்.எல்.சி.ரி.ஆர். என்று தொடங்கி, வருடமும் இலக்கமும் வரும். வெறும் கேள்விக்கொத்து ஆய்வு அந்தப் பதிவகத்தில் இல்லாவிட்டால் சந்தேகப்பட வேண்டாம், அது மருந்தோ வேறு வைத்தியமோ கொடுத்துப் பார்க்கும் ஆய்வுகளுக்கானது. ஆய்வால் தீங்கு வந்தால் சிகிச்சைச் செலவும் நட்டஈடும் யார் கொடுப்பது என்று பெயரோடு எழுதியிருக்கிறதா பாருங்கள். “தேவையான சிகிச்சை வழங்கப்படும்” என்று மட்டும் இருந்தால் அது காணாது. அரச வைத்தியசாலையில் அது எப்படியும் இலவசம். மாதிரிகள் நாட்டுக்கு வெளியே போகுமா, எத்தனை வருடம் வைப்பார்கள், மரபணுச் சோதனை செய்வார்களா என்பதும் தனித்தனியாக “ஆம், இல்லை” போடக்கூடியதாக இருக்க வேண்டும். எல்லாவற்றையும் ஒரே கையெழுத்தில் கட்டுவது நல்ல பழக்கமல்ல.

எளிதில் தவறவிடும் ஒன்றைத் தனியாகச் சொல்கிறேன். தொப்புள்கொடி இரத்தம் எடுப்போம் என்று தாளில் இருந்தால், கொடியை எப்போது இறுக்குவீர்கள் என்று கேளுங்கள். பிறந்து ஒரு நிமிடமாவது பொறுத்து இறுக்குவதைத்தான் உலக சுகாதார நிறுவனம் பரிந்துரைக்கிறது. குறைமாதப் பிள்ளைக்கு அந்த இரத்தம் இன்னும் அவசியம். இறுக்கி வெட்டிய பிறகு நச்சுக்கொடிப் பக்கத்தில் மிஞ்சியதை எடுப்பதில் பிள்ளைக்கு ஒரு நட்டமும் இல்லை. குழாயை நிரப்புவதற்காக முந்தி வெட்டுவதாக இருந்தால் சம்மதிக்க வேண்டாம்.

கையெழுத்து யாருடையது? உங்கள் மனைவியுடையது. நீங்கள் “நாங்கள் முடிவெடுக்க வேண்டும்” என்று எழுதியிருக்கிறீர்கள், கலந்து கதைப்பது நல்லதுதான். ஆனால் கர்ப்பிணியின் சம்மதத்துக்குப் பதிலாகக் கணவனின் சம்மதம் எந்த நிலையிலும் நிற்காது என்று 2016இன் சர்வதேச நெறிமுறை வழிகாட்டிகள் சொல்கின்றன. தாள் அவருக்கு வசதியான மொழியில் இருக்க வேண்டும். சிங்களத்திலும் ஆங்கிலத்திலும் மட்டும் தந்து, பக்கத்துக் கட்டில்காரரைக் கொண்டு மொழிபெயர்ப்பித்துக் கையெழுத்து வாங்குவது சம்மதம் ஆகாது. தமிழ்த் தாள் கேளுங்கள், நெறிமுறைக் குழு மூன்று மொழிக்கும் சேர்த்துத்தான் அனுமதி கொடுக்கிறது. தமிழ்த் தாள் இருந்தும் தமிழ் விளங்காவிட்டால், அது வாசிப்பவரின் குறையில்லை. மொழிபெயர்ப்பு அப்படி. விளக்குபவரிடம் கேட்டுவிட்டு, மனைவி தன் சொல்லில் திருப்பிச் சொல்லிப் பார்க்கட்டும். அவர் சொல்வது சரியென்று விளக்கியவர் ஒப்புக்கொண்டால்தான் விளங்கியது என்று அர்த்தம். பிரசவ வலி வந்த பிறகு சேர்க்கும் ஆய்வுகளும் உண்டு. வலியில் ஆறு பக்கம் வாசிக்க யாராலும் ஏலாது. அப்படியானதை இப்போதே வாசித்து ஒரு முடிவோடு இருப்பது புத்தி.

சேர்வதென்று தீர்மானித்தால், நடைமுறையில் பிழைக்கும் இடங்கள் சில. இப்போது எடுக்கும் எல்லா மருந்தையும் சொல்லுங்கள், குறிப்பாக அஸ்பிரின். முதற்பேற்றுத் தாய்மாருக்குக் குறைந்த அளவு அஸ்பிரின் குறைமாதப் பிரசவத்தைச் சற்றுக் குறைக்கிறது என்று ஆறு நாடுகளில் நடந்து 2020இல் வந்த ஆய்வு காட்டியது, 13.1 சதவீதம் 11.6 ஆனது. இரத்த அழுத்தத்துக்காக அஸ்பிரின் ஏற்கெனவே தேவைப்படுபவர், அஸ்பிரினா வெறும் குளிசையா என்று பார்க்கும் ஆய்வில் சேரக் கூடாது. ஒரே நேரத்தில் இரண்டு மருந்து ஆய்வில் சேர வேண்டாம். உள்ளே வைக்கும் மருந்து கொழுப்பால் செய்த வகையென்றால் கொழும்பு வெயிலில், கைப்பைக்குள் பஸ்ஸில் போய்வருவதற்குள் இளகிவிடும். பெட்டியில் போட்டிருக்கும் வெப்ப அளவைப் பார்த்து வையுங்கள். தவறவிட்ட நாள்களை மறைக்காமல் சொல்லுங்கள், வெறும் பெட்டிகளையும் எறியாமல் திருப்பிக் கொண்டுபோங்கள், எண்ணிப் பார்ப்பார்கள். எல்லாம் போட்டேன் என்று பொய் சொன்னால், வேலை செய்யும் மருந்தும் வேலை செய்யாதது போலக் கணக்கில் விழும். வயிறு விட்டுவிட்டு இறுகினால், நீர் கசிந்தால், இரத்தம் பட்டால், பிள்ளையின் அசைவு குறைந்தால் ஆய்வுத் தாதிக்குப் போன் எடுத்துக்கொண்டிருக்க வேண்டாம். நேரே வைத்தியசாலைக்குப் போய், ஆய்வு கார்டை அங்கே காட்டுங்கள். அவசரமென்றால், கொடுத்தது மருந்தா வெறும் குளிசையா என்பதை உடைத்துச் சொல்ல வழி வைத்திருப்பார்கள். அதற்கு அழைக்க வேண்டிய போன் இலக்கம் கார்டில் இல்லாவிட்டால் கேட்டு எழுதி வாங்குங்கள்.

ரொறொன்ரோவில் இருக்கும் உங்கள் அக்கா அனுப்பிய வெளிநாட்டு ஆய்வு இணைப்புகள் பற்றி: அவை அந்தந்த நாட்டில் இருந்து, குறித்த வைத்தியசாலைக்கு நேரில் போகக்கூடியவர்களுக்கு. அமெரிக்காவின் மருத்துவ ஆய்வுப் பதிவகத்தில் ஒரு ஆய்வின் பெயர் இருப்பதால் அந்த அரசு சரிபார்த்ததாக அர்த்தமில்லை என்று அந்தத் தளத்திலேயே எழுதியிருக்கிறது. பேஸ்புக்கில் வரும் “கர்ப்பிணிகள் தேவை” விளம்பரம் பதிவுக்கட்டணம் கேட்டால், அது ஆய்வே அல்ல. உண்மையான ஆய்வு போக்குவரத்துச் செலவைத் தரும், உங்களிடம் ஒரு ரூபாவும் வாங்காது.

கடைசியாக, பிரசவத்துக்கு மனைவி வவுனியாவில் தாய்வீட்டுக்குப் போவார் என்று ஒரு வரியில் எழுதியிருக்கிறீர்கள். ஆய்வுக்காரர்களிடம் முதல் நாளே சொல்ல வேண்டியது அதுதான். குறைமாதப் பிரசவ ஆய்வுக்கு ஆகவேண்டிய தகவலே பிள்ளை எப்போது, எப்படிப் பிறந்தது என்பது. கொழும்பில் சேர்ந்து வேறு ஊரில் பெற்று, போன் இலக்கமும் மாறிவிட்டால் அதுவரை எடுத்த ஸ்கேனும் இரத்தமும் வீண். எத்தனையாம் வாரம் போகிறார், எந்த வைத்தியசாலை, தாய்வீட்டில் யாருடைய இலக்கம் என்று மூன்றையும் கொடுங்கள். அங்கே வந்து பார்க்க ஏலாது என்றால் அவர்களே உங்களைச் சேர்க்காமல் விடலாம். சேர்த்தாலும் விட்டாலும், முதல் பிள்ளை 31 வாரத்தில் பிறந்ததை வைத்துப் பார்த்தால், அந்தப் பயணம் எந்த வாரத்தில், போகும் வைத்தியசாலையில் பி.பி.யூ. வசதி எப்படி என்று வி.ஓ.ஜி.யிடம் அடுத்த கிளினிக்கிலேயே கேட்டுவிடுங்கள்.